ஏழரை மணிக்கு

கிரிம்ஸ்பியில் நவம்பர் மழை.
சமையலறை மேசை நடுவில் ஒரு தாளை வைத்து
ட்ரூடியும் கிளென்னும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்,
பாகப்பிரிவினைக்கு வந்தவர்கள் போல.

பகல் சாப்பாட்டுக்கு இருபத்திரண்டு பேர்.
அது முடிந்த கணக்கு.
மாலைக்குத் தொண்ணூறு பேர்:
படகு கிளப்பின் மாடி, இரவல் ஒலிபெருக்கி,
கேக்,
மூன்று தட்டு பாலாடைக்கட்டி,
வினிகரில் ஊறிய வெங்காயம் ஒரு ஜாடி.
அவ்வளவுதான். மீன் பதப்படுத்தும் ஆலையில் இருவருக்கும்
அக்டோபரிலிருந்து வாரம் மூன்று நாள்தான் வேலை.

நேரம் ஏழரை.
ஏழரை என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும்.
அங்கே அது வெறும் மணி.
ஆனாலும் பசி பிடிக்கிற மணி.

'மாலை விருந்துக்கு அழைக்கிறோம்'
என்று தொடங்குகிறான் கிளென்.
அவள் 'விருந்து' மேல் கோடு போடுகிறாள்.
நான் எழுதும் மொழியில்
வருகிறவரும் விருந்து, படைப்பதும் விருந்து.
அவர்களோ முன்னதை வைத்துக்கொண்டு
பின்னதை மட்டும் கழற்ற வேண்டும்,
தைத்து முடித்த கோட்டிலிருந்து
உள்துணியை உருவுவது போல.

'சிற்றுண்டி வழங்கப்படும்.'
சிறு என்றால் எவ்வளவு சிறு?
பனிக்கிடங்கில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு
நேரே வருகிற டாரனுக்கு
ஒரு துண்டு என்பது ஒரு கிலோ.

'உண்டுவிட்டு வாருங்கள்.'
வாசலில் நின்று கையை விரிப்பது போல இருக்கிறது என்கிறான்.

'பசியோடு வராதீர்கள்.'
இது ஆஸ்பத்திரிச் சுவரொட்டி.

'உங்கள் வருகையே எங்களுக்கு விருந்து.'
இதை உரக்கப் படித்ததும் இருவரும்
தேநீர் சிந்தச் சிரித்தார்கள்.

கிளென்னின் அம்மா மேவிஸ் தொலைபேசியில் சொன்னாள்:
ஒன்றும் எழுதாதே.
வந்தபின் தெரிந்துகொள்ளட்டும்.

ட்ரூடி பதில் பேசவில்லை.
பெரில் அத்தைக்குச் சர்க்கரை நோய்.
எட்டு மணிக்கு ஊசி, போட்ட கையோடு சாப்பாடு.
தெரிந்துகொள்வதற்குள் விழுந்துவிடுவாள்,
தொப்பியோடு.

அப்புறம் அந்த இன்னொரு கல்யாணம்.
கிளீதார்ப்ஸ் ஓட்டல், ஒன்பது வருடம் முன்பு.
தங்க எழுத்தில் அழைப்பிதழ்;
சாப்பாட்டைப் பற்றி மூச்சில்லை.
எல்லோரும் கதவைப் பார்த்தபடியே ஆடினார்கள்.
கதவு திறந்த ஒவ்வொரு முறையும்
பணியாள் ஒருவன் வெறுங்கையோடு வந்து
ஒரு நாற்காலியை எடுத்துப் போனான்.
பத்தேகாலுக்கு
செருப்பைக் கையில் பிடித்து நழுவி
தெருமுனை மீன் வறுவல் கடைக்கு அவள் போனபோது
வரிசையில் அவளுக்கு முன்னால்
அதே கல்யாணத்துப் பூவைக் கோட்டில் குத்திக்கொண்டு
ஒருவன் நின்றிருந்தான்.
திரும்பி, 'உனக்குமா?' என்றான்.

எழுதாமல் விட்டதால்தானே நாம்,
என்கிறான் இப்போது, பேனாவை உருட்டியபடி.
அதற்காக,
தொண்ணூறு பேரைப் பட்டினி போட்டு
இன்னொரு ஜோடி சேர்க்கலாம் என்கிறாயா?

அச்சகத்தில் வரிக்கு இவ்வளவு என்று காசு.
ஐந்து வரிதான் கட்டுப்படியாகும்.
நள்ளிரவு தாண்டி, கேஸ் மீட்டர் அணைந்தபின்,
கோட்டைப் போர்த்திக்கொண்டு எழுதினார்கள்:

ஏழரைக்கு வாருங்கள்.
கேக் உண்டு, கொஞ்சம் பாலாடைக்கட்டி உண்டு, ஆட்டம் நிறைய உண்டு.
இரவுச் சாப்பாடு இல்லை;
வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தால் எங்களுக்கு நிம்மதி.
எதிரே மீன் வறுவல் கடை பதினொன்று வரை திறந்திருக்கும்.

மேவிஸ் பத்து நாள் பேசவில்லை.
கடைசி வரி அவளைக் கொன்றுவிட்டதாம்.
டாரன் அந்த வரியைத்தான்
கிடங்குக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

முதல் பதில் பெரிலிடமிருந்து வந்தது, பென்சிலில்:
வருகிறேன்.
சாண்ட்விச் என் கைப்பையில் இருக்கும்.
உனக்கும் ஒன்று வைக்கட்டுமா?
கல்யாணத்தன்று மணப்பெண்ணை யாரும்
சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.